கரிசலில் சாலை: சாம்பல் மட்டும் போதுமா?

விளாத்திகுளம் பக்கம் மூன்று கிலோமீட்டர் கிராமச் சாலை வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "முழுக்கக் கரிசல் மண். ஊறவைத்த சிபிஆர் (மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் எண்) 2-தான் வருகிறது. தூத்துக்குடி அனல் மின் நிலையச் சாம்பலைக் கலந்தால் மண் உறுதியாகிவிடும் என்கிறார்கள். கலக்கலாமா? எவ்வளவு? வேறு ஆலைக் கழிவு ஏதாவது இதைவிட நல்லதா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. அந்தச் சாம்பலை மட்டும் கலந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. சுண்ணாம்போடு சேர்த்துக் கலந்தால் நடக்கும். அதுவும் கட்டியை உடைத்து, சரியான ஈரத்தில், சரியான மாதத்தில் கலந்து, பிறகு ஓரத்திலிருந்து தண்ணீர் புகாமல் பார்த்துக்கொண்டால்தான் நிலைக்கும். எத்தனை சதவீதம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை சதவீதத்தால் வந்தவை அல்ல.

கரிசல் ஏன் இப்படி ஆடுகிறது என்பது தெரிந்தால்தான் எந்தக் கழிவு உதவும், எது உதவாது என்று நீங்களே பிரித்துப் பார்க்க முடியும். அதில் இருக்கும் களிமண் கனிமத்துக்கு மாண்ட்மோரில்லோனைட் என்று பெயர். ஒரு நானோமீட்டர் தடிமனில் ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். ஒரு கிராமில் உள்ள ஏடுகளை எல்லாம் பிரித்து விரித்தால் 700, 800 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் ஏறத்தாழ இருபது சென்ட் நிலம். அந்தப் பரப்பு முழுவதும் எதிர்மின்னேற்றம். அதைச் சமன்செய்ய ஏடுகளுக்கு இடையே சோடியமும் கால்சியமும் மெக்னீசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்தால் அவற்றைச் சுற்றித் தண்ணீர் புகுந்து ஏடுகளை விலக்கும், மண் பொம்மும். சித்திரை வெயிலில் தண்ணீர் வெளியேறும், மண் சுருங்கி ஆட்டுக்குட்டியின் கால் இறங்குகிற அளவுக்குப் பிளக்கும். சோடியம் அதிகமாக இருந்தால் பொம்முவதும் அதிகம்.

உங்கள் மண் எவ்வளவு பொம்மும் என்று பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. 425 மைக்ரான் சல்லடையில் சலித்து உலர்த்திய மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மி.லி. அளவுக்குழாய்களில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் பொம்மாது. நீரில் உள்ள அளவு அதைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதுதான் தடையற்ற பொம்மல் எண். ஐ.எஸ். 2720 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் 40-ஆம் பகுதியில் இருக்கும் சோதனை இது. எண் 50-ஐத் தாண்டினால் அந்த மண்ணை அப்படியே சாலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு. நம் பக்கத்துக் கரிசலில் 50-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

இனி சுண்ணாம்பு. அது இரண்டு வேலை செய்கிறது, இரண்டுக்கும் வேறு வேறு நேரம். முதல் வேலை சில மணி நேரத்தில் தொடங்கிவிடும்: சுண்ணாம்பின் கால்சியம் ஏடுகளுக்கு இடையே இருக்கும் சோடியத்தை வெளியே தள்ளி அந்த இடத்தில் உட்காரும். ஏடுகள் நெருங்கி, துகள்கள் கொத்துக் கொத்தாகச் சேரும். மண்வெட்டியில் அப்பிக்கொண்ட மண் மறுநாள் உதிரியாக விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டாவது வேலைக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். காரத்தன்மை பிஎச் 12.4 அளவுக்கு ஏறும்போது களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைய ஆரம்பிக்கின்றன. அவை கால்சியத்தோடு சேர்ந்து, சிமெண்டில் உருவாகும் அதே வகைப் பசையாக இறுகும். பொம்மலை அடக்குவது முதல் வேலை. பல வருடங்களுக்குப் பலம் கொடுப்பது இரண்டாவது.

சாம்பலின் இடம் அந்த இரண்டாவது வேலையில் இருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் உள்ள சிலிக்கா கண்ணாடி போன்ற நிலையில் இருப்பதால் சுண்ணாம்போடு எளிதாகச் சேரும். அதோடு சாம்பல் நெகிழ்வே இல்லாத மென்தூள். மண்ணில் களிமண்ணின் பங்கை அதுவே கொஞ்சம் குறைத்துவிடும். ஆனால் தூத்துக்குடியில் வருவது கால்சியம் குறைந்த எஃப் வகைச் சாம்பல். அதைத் தட்டி எழுப்ப வெளியிலிருந்து சுண்ணாம்பு வேண்டும். தனியாகக் கலந்தால் மணல் கலந்த மாதிரிதான். பொம்மல் சற்றுக் குறையும், பலம் வராது. நெய்வேலிச் சாம்பல் வேறு சாதி. பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவதால் கால்சியம் கூடுதல், தானாகவே ஓரளவு இறுகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராய்ச்சூர்ச் சாம்பலையும் நெய்வேலிச் சாம்பலையும் கரிசலோடு கலந்து ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், நடத்தை வேறு. அதனால் 'பக்கத்து மாவட்டத்தில் இத்தனை சதவீதம் போட்டார்கள்' என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சாம்பல் எங்கிருந்து எடுத்தது என்பதும் முக்கியம். புகைபோக்கிக்கு முன்னால் மின்புல வடிகட்டியில் பிடித்து, சைலோ என்ற மூடிய சேமிப்புக் கலத்தில் வைத்திருக்கும் உலர் சாம்பல்தான் நன்றாக வினைபுரியும். அதற்கு சிமெண்ட் ஆலைகளோடு போட்டி உண்டு. தண்ணீரில் கரைத்துச் சாம்பல் குளத்துக்குத் தள்ளியது பரும்படியாக இருக்கும், வேகமும் குறைவு. கரை நிரப்ப அது நல்லது. மண்ணை இறுக்க அதை நம்ப வேண்டாம். கடலோர ஆலையில் கடல்நீரைக் கொண்டு தள்ளிய சாம்பலாக இருந்தால் உப்பு கலந்திருக்கும். கரிசலுக்குள் மறுபடி சோடியத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நாம் செய்ய நினைத்ததற்கு நேர்எதிர். அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நடக்கும் சாலை வேலைகளில் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசின் அறிவிக்கை இருக்கிறது. கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டைக் கரிசல் எல்லாம் தூத்துக்குடியிலிருந்து அந்த வட்டத்துக்குள் நன்றாகவே அடங்கும். கேட்டால் கிடைக்கும், கேளுங்கள்.

அடுத்து உலைக்கசடு. இரும்பு உருக்கும் ஊதுலையிலிருந்து வரும் கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து மாவாக அரைத்தது ஜிஜிபிஎஸ். அதில் கால்சியமும் சிலிக்காவும் சேர்ந்தே இருக்கின்றன, கொஞ்சம் சுண்ணாம்பு பட்டால் போதும், இறுக ஆரம்பித்துவிடும். கர்நாடகத்தில் பல்லாரியைச் சுற்றிக் கரிசலும் உண்டு, எஃகு ஆலையும் உண்டு. அங்கே இதுதான் இயல்பான தேர்வு. உங்களுக்குத் தூரமும் விலையும் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட வேண்டும். ஆனால் ஒரு சூழ்நிலையில் மட்டும் செலவைப் பார்க்காமல் இதைத்தான் எடுக்கச் சொல்வேன், கீழே வருகிறேன். எஃகு கசடு என்று வேறொன்று இருக்கிறது. ஊதுலைக் கசடும் அதுவும் ஒன்றல்ல. எஃகாக மாற்றும் கலத்திலிருந்து வரும் அதில் வினைபுரியாத சுண்ணாம்பும் மெக்னீசியாவும் சிக்கியிருக்கும். மாதக்கணக்கில் நனைத்து ஆறப்போடாமல் பயன்படுத்தினால் அதுவே பொம்மும். பொம்முகிற மண்ணுக்குப் பொம்முகிற மருந்து கொடுத்த கதையாகிவிடும். முறையாகப் பதப்படுத்திய எஃகு கசடை ஜல்லிக்குப் பதிலாகப் போட்டு 2022-ல் சூரத் ஹசீராவில் ஆறுவழிச் சாலையே அமைத்திருக்கிறார்கள். அது மேலடுக்குகளில் ஜல்லியின் வேலை. மண்ணை நிலைப்படுத்துவது வேறு வேலை.

மற்றக் கழிவுகளில் அதிகம் ஏமாற்றுவது காகித ஆலைச் சுண்ணாம்புச் சேறு. பெயரில் சுண்ணாம்பு இருக்கிறது, வெள்ளையாகவும் இருக்கிறது, மலிவாகவும் கிடைக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லை அரைத்துப் போட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பிஎச் 12.4-க்கு ஏறவே ஏறாது. அதைச் சுட்டால்தான் சுண்ணாம்பாகும். இதற்கு மாறாக, வெல்டிங்குக்கான அசிட்டிலீன் வாயு தயாரிக்கும் இடங்களில் மிஞ்சும் கார்பைடு சேறு உண்மையிலேயே நீர்த்த சுண்ணாம்பு. காற்றில் கிடந்து கெட்டுப்போகாமல் இருந்தால் அருமையான பொருள். அளவுதான் குறைவாகக் கிடைக்கும். நன்றாக எரிந்த உமிச் சாம்பலும் கரும்புச் சக்கைச் சாம்பலும் எஃப் வகைச் சாம்பல் மாதிரிதான், சுண்ணாம்பு துணைக்கு வேண்டும். கறுப்பாகக் கரி மிஞ்சியிருந்தால் எடுக்காதீர்கள். தாமிரக் கசடு மணல் மாதிரிக் கனமான குருணை. சுண்ணாம்போடு பெரிதாக வினைபுரியாது, மண்ணின் பரும்படியை மாற்றும், அவ்வளவுதான். அலுமினா ஆலைச் செம்மண் சேற்றில் சோடியம் நிறைய. அது கரிசலுக்கு ஆகாது.

இப்போது மேலே சொன்ன அந்தச் சூழ்நிலை: மண்ணில் ஜிப்சம் இருப்பது. இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பெரம்பலூர் மாவட்டம் காரையில் மழை அரித்த களிமண் ஓடைகளுக்குள் நடந்தால் மண்ணில் கண்ணாடிச் சில்லு போல ஜிப்சம் பட்டை பட்டையாக மின்னுவதைப் பார்க்கலாம். ஜிப்சம் என்றால் கால்சியம் சல்பேட். அப்படிப்பட்ட மண்ணில் சுண்ணாம்பைப் போட்டால், சுண்ணாம்பும் களிமண்ணின் அலுமினாவும் சல்பேட்டும் தண்ணீரும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகம் உருவாகும். அதன் ஒரு மூலக்கூறுக்கு 32 நீர் மூலக்கூறுகள் வேண்டும். அத்தனையையும் இழுத்துக்கொண்டு வீங்கும். நிலைப்படுத்தாத மண்ணைவிட நிலைப்படுத்திய மண் அதிகம் பொம்மும் கொடுமை இது.

அமெரிக்காவில் லாஸ் வேகாஸின் ஸ்டூவர்ட் அவென்யூ 1970-களில் சுண்ணாம்பு கலந்து போட்ட சாலை. சில ஆண்டுகளில் மேடு மேடாக எழும்பியது. ஏன் என்று ஆராய்ந்து 1988-ல் ஹன்டர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் முழுவதும் பொறியாளர்கள் விழித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் எம்40 நெடுஞ்சாலையில் பான்பரி பக்கம் அதே கதை. அங்கே மண்ணில் முதலில் இருந்தது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். மண்ணைக் கிளறியபோது காற்றும் நீரும் பட்டு அது சல்பேட்டாக மாறி, குளிர்கால மழையில் அடுக்கு முழுவதும் மேலே எழும்பிவிட்டது. 1990-களில் வேல்ஸில் கிளாமார்கன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுகள் ஒரு வழி காட்டின: சுண்ணாம்பின் பெரும்பகுதிக்குப் பதிலாக ஊதுலைக் கசடு மாவைப் போட்டால் இந்த வீக்கம் வெகுவாக அடங்குகிறது. அதனால்தான் மண்ணில் சல்பேட் இருந்தால் தூரத்தைப் பார்க்காமல் ஜிஜிபிஎஸ் எடுக்கச் சொல்கிறேன்.

கரையும் சல்பேட் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 0.8-ஐத் தாண்டினால் வழக்கமான முறையில் சுண்ணாம்பு போடவே கூடாது என்பது அமெரிக்காவில் பின்பற்றும் அளவு. ஒரே இடத்து மண்ணைச் சோதித்து நிம்மதியாக இருக்காதீர்கள். ஜிப்சம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். 200 மீட்டருக்கு ஒரு மாதிரியாவது எடுங்கள். கூடவே ஒரு சிபிஆர் அச்சை நான்கு நாளோடு எடுத்துவிடாமல் 28 நாள் தண்ணீரில் விட்டு, பொம்மலை அளந்துகொண்டே இருங்கள். நான்கு நாளில் அமைதியாக இருக்கும் எட்ரிங்கைட் நான்காவது வாரத்தில் முகத்தைக் காட்டும்.

அளவுக்கு வருவோம். ஈட்ஸ், கிரிம் என்ற இருவர் 1966-ல் சொன்ன சோதனை இன்றைக்கும் எளிமையானது. மண்ணில் 2, 3, 4, 5, 6 சதவீதம் எனச் சுண்ணாம்பு கலந்து, நீரில் கரைத்து அவ்வப்போது குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்து பிஎச் பாருங்கள். 12.4-ஐ எட்டும் மிகக் குறைந்த சதவீதம்தான் உங்கள் மண் தனக்கென்று தின்னும் சுண்ணாம்பு. அதற்குக் கீழே போட்டால் இரண்டாவது வேலை தொடங்கவே தொடங்காது. நம் கரிசலில் பெரும்பாலும் 3 முதல் 6-க்குள் விழும். அதை வைத்துக்கொண்டு சாம்பலை 10, 15, 20 என மாற்றி சிபிஆரும் அழுத்த வலிமையும் பாருங்கள். சாம்பல் அதிகமானால் ஒரு கட்டத்துக்குப் பிறகு பலம் இறங்கும். அந்த உச்சியை உங்கள் மண்ணிலேயே கண்டுபிடிக்க வேண்டும். வலிமை வந்தால் போதாது, மாதிரியை 12 முறை நனைத்து உலர்த்தி எவ்வளவு உதிர்கிறது என்றும் பாருங்கள். கரிசல் காட்டில் சாலை படப்போகும் பாடு அதுதான்.

ஒரு கணக்கு. 7.5 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம், ஒரு கிலோமீட்டர் என்றால் 2,250 கன மீட்டர் மண். உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1.5 டன் என்று வைத்தால் 3,375 டன். அதில் 4 சதவீதம் சுண்ணாம்பு 135 டன், 15 சதவீதம் சாம்பல் சுமார் 506 டன். தரையில் விரிக்கும்போது சதுர மீட்டருக்கு 18 கிலோ சுண்ணாம்பும் 67 கிலோ சாம்பலும். இதற்குப் பதிலாக 50 செ.மீ. கரிசலைத் தோண்டி எறிந்து கிராவல் நிரப்பினால், இறுகிய கணக்கில் 3,750 கன மீட்டர். உதிரியாக ஏற்றும்போது அளவு கூடும் என்பதால் நான்கு யூனிட் டிப்பரில் 400 நடைக்கு மேல். தோண்டிய கரிசலை எங்கே கொட்டுவது என்பது தனிப் பிரச்சினை. அந்தக் கிராவலுக்காக எந்த ஊர்க் குன்றை, எந்தக் கண்மாயைத் தோண்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது. நான் இந்த முறையை விடாமல் சிபாரிசு செய்வதற்கு அதுவே பெரிய காரணம்.

ஆய்வகத்தில் சுண்ணாம்பு கலந்த மண்ணின் அதிகபட்ச அடர்த்தி குறையும், உகந்த ஈரப்பதம் கூடும். களத்தில் இதைப் பார்த்துவிட்டு 'அடர்த்தி வரவில்லை' என்று வேலையை நிராகரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கலப்பு மண்ணின் அடர்த்தியோடுதான் ஒப்பிட வேண்டும், கலக்காத மண்ணின் அடர்த்தியோடு ஒப்பிடக் கூடாது.

கட்டி உடைப்பதுதான் கரிசலில் உயிர்நாடி. சில வருடங்களுக்கு முன் ஒரு வேலையில் ஆய்வக சிபிஆர் பதினான்கு வந்தது. ஒரு மழைக்காலம் முடிந்ததும் சாலை அலை அலையாகிவிட்டது. குழி தோண்டிப் பார்த்தோம். முட்டை அளவுக் கட்டிகள், வெளியே வெள்ளைப் பூச்சு, உடைத்தால் உள்ளே கன்னங்கரேல் என்று பழைய கரிசல். பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து ஃபினால்ப்தலீன் வாங்கி வந்து தெளித்தோம். சுண்ணாம்பு எட்டிய இடம் ரோஜா நிறமானது, கட்டியின் உள்பக்கம் நிறமே மாறவில்லை. அதற்குப் பிறகு நான் எந்த வேலைக்குப் போனாலும் அந்தப் பாட்டில் பையில் இருக்கும். ரோலர் ஏறுவதற்கு முன்பே ஐம்பது மீட்டருக்கு ஒரு குழி வெட்டித் தெளித்துப் பாருங்கள். ரோஜா நிறம் ஒரே சீராக, முழு ஆழத்துக்கும் வர வேண்டும்.

பெரிய வேலைகளுக்கு, மண்ணைக் கிளறிக் கலக்கும் ரீகிளைமர் எந்திரம் வரும். கிராமச் சாலைக்கு டிராக்டரில் கல்டிவேட்டரும் ரோட்டவேட்டரும் போதும், ஆனால் பொறுமை வேண்டும். சுண்ணாம்பின் பாதியை முதல் நாள் போட்டுக் கலந்து, ஈரப்படுத்தி, லேசாக உருட்டி மூடி ஒருநாள் இரண்டு நாள் விடுங்கள். கட்டிகள் தாமாகவே உதிரும். மறுபடி உழுது, மீதிச் சுண்ணாம்பையும் சாம்பலையும் போட்டுக் கலந்து இறுக்குங்கள். 30 செ.மீ.யை ஒரே அடுக்காக இறுக்காமல் இரண்டாகச் செய்யுங்கள். நெய்வேலிச் சாம்பலோ சிமெண்டோ சேர்ந்தால் மட்டும் ஆறப்போடும் வேலை வேண்டாம், கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் உருட்டி முடிக்க வேண்டும். பிறகு ஏழு நாளாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு வாங்கும்போது தூய்மை 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று சோதியுங்கள். திறந்த வெளியில் மாதக்கணக்கில் கிடந்தது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் கல்லாகத் திரும்பியிருக்கும்.

மாதமும் பாருங்கள். சித்திரை வைகாசியில் கரிசல் பாறை மாதிரி இருக்கும், ரோட்டவேட்டர் பற்கள்தான் உடையும். ஐப்பசி கார்த்திகையில் உள்ளே இறங்கவே முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை மண் பதமாக இருக்கும். உழவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்போது போட்டால் அடுத்த மழைக்கு ஆறேழு மாதம் வெயில் கிடைக்கும், சூட்டில் இரண்டாவது வேலையும் வேகமாக நடக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சொன்னதெல்லாம் வீண். நடுவில் தார் மூடியிருப்பதால் அங்கே ஈரம் அதிகம் மாறாது. ஓரத்தில்தான் மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கும். கரிசல் சாலைகளில் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு வருவது அதனால்தான். தார் அகலத்துக்கு மட்டும் நிலைப்படுத்திக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள், இருபுற ஓரங்களையும் சேர்த்துச் செய்யுங்கள். பக்கவாய்க்காலைச் சாலையை ஒட்டி வெட்டாமல் தள்ளி வெட்டுங்கள். சாலையோரத்துச் சீமைக்கருவேலம் வேர்விட்டுச் சாலைக்கு அடியிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும், மரம் நிற்கும் பக்கம் சாலை இறங்கும். கிணறு, ஊருணி, கண்மாயை ஒட்டிய இடங்களில் சாம்பல் கலக்கும் முன் அதிலிருந்து என்ன உலோகங்கள் கசிகின்றன என்ற சோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஊர் குடிக்கும் தண்ணீர் அது.

வேலை செய்பவர்களைப் பற்றியும் ஒன்று. சுட்ட சுண்ணாம்பு வியர்வையில் பட்டாலே சுடும், கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். கண்ணாடி, முகமூடி, கையுறை, ரப்பர் பூட்ஸ் இல்லாமல் யாரையும் மூட்டையைப் பிரிக்க விடாதீர்கள். கழுவ நல்ல தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். காற்று வீசும் பிற்பகலில் விரிக்க வேண்டாம்.

உங்கள் மூன்று கிலோமீட்டருக்கு நான் என்ன செய்வேன் என்று கேட்டால்: முதலில் 200 மீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்துப் பொம்மல் எண்ணும் சல்பேட்டும் பார்ப்பேன். சல்பேட் குறைவாக இருந்தால் 4 சதவீதம் சுண்ணாம்பு, 15 சதவீதம் உலர் சாம்பல் என்ற இடத்திலிருந்து சோதனையைத் தொடங்குவேன். எண்கள் ஒத்துவந்தால் மாசியில் 100 மீட்டர் மட்டும் மாதிரித் துண்டாகப் போட்டு, பங்குனிக்குள் மீதியை முடிப்பேன். மாதிரித் துண்டின் நடுவிலும் இரு ஓரங்களிலும் மட்டம் எடுத்துக் குறித்துவைத்து, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை, மறு சித்திரையில் ஒரு முறை அதே புள்ளிகளில் எடுப்பேன். அந்த எண்களை எனக்கும் அனுப்புங்கள்.